ஊசியின் எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்குமா? டர்ன்டேபிள் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊசி தட்டை அழுத்தும் எடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, தட்டு தேயாது என்ற நம்பிக்கைதான் நான் பார்த்தவரை அதிக இசைத்தட்டுகளைக் கெடுத்திருக்கிறது. ஊசி வைரம், தட்டு வெறும் வினைல். பட்டும் படாமலும் தொட்டால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் ஊசி விடாமல் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எடை போதாவிட்டால், சத்தம் கூடும் இடத்தில் ஊசி ஒரு சுவரை விட்டு எழும்பி மறுபடி வந்து மோதும். அந்த மோதல்தான் சுவரைச் செதுக்குகிறது. செதுக்கப்பட்ட பள்ளம் அப்புறம் எந்த ஊசி போட்டாலும் பழைய நிலைக்கு வராது.

எடை எவ்வளவு என்பதை, ஊசி பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜ்தான் தீர்மானிக்கிறது. ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 2 கிராம், டெனான் டிஎல்-103க்கு 2.5 கிராம். நண்பர் 1.5-ல் வைத்திருக்கிறார் என்று நீங்களும் வைக்காதீர்கள். தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருந்தால் அதன் நடுவிலோ, நடுவுக்குச் சற்று மேலேயோ வையுங்கள். கீழ் எல்லையில் வைப்பதால் ஒரு லாபமும் இல்லை.

எடை வைக்கும்போது பலர் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். முதலில் ஊசியைத் தட்டின் உள்பக்கம் இழுக்கும் விசையைச் சமன்செய்யும் ஆன்ட்டி ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசியின் மூடியைக் கழற்றி, பின்னால் இருக்கும் எடைக்கட்டியைத் திருகித் திருகி, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் தட்டுக்கு இணையாக மிதக்கும்படி செய்ய வேண்டும். மேலும் போகாது, கீழும் சாயாது, அந்தரத்தில் நிற்கும். அந்த நிலையில் எடைக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண்கள் எழுதிய வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு எடைக்கட்டியையும் வளையத்தையும் சேர்த்தே திருப்பி உங்கள் கார்ட்ரிட்ஜின் எண்ணுக்கு, 2எம் ரெட் என்றால் 1.8-க்கு, வர வேண்டும். வளையத்தை மட்டும் 1.8-க்குத் திருப்பினால் எண் மாறும், எடை மாறாது. ஊசிக்கென்று விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். அளக்கும்போது ஊசி தட்டில் நிற்கும் அதே உயரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' ஒலிகள் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடிக்கிறதா? டோன் ஆர்மின் நுனியான ஹெட்ஷெல்லில் கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது. வெளி விளிம்பில் ஒரு விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் ஊசியைக் கடக்கும். உள்ளே போகப் போக அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே அளவு இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கிறது. ஊசி கொஞ்சம் கோணலாக நின்றாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

என் டர்ன்டேபிளில் கார்ட்ரிட்ஜைக் கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். நம்பி விட்டுவிட்டேன். பல மாதம் கழித்து, கார்ட்ரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும், புள்ளிகளும் கோடுகளும் கொண்ட அளவுத்தாளை அச்சிட்டு வைத்துப் பார்த்தேன்; எல்லாம் சரி என்றது. ஆனால் கடைசிப் பாட்டின் கரகரப்பு போகவில்லை. ஒருநாள் அந்தத் தாளில் 10 செ.மீ. என்று போட்டிருந்த கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தேன். 9.6 இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரின்டர் தானாகவே படத்தைச் சுருக்கியிருக்கிறது. 100 சதவீத அளவில் மறுபடி அச்சிட்டதும் கார்ட்ரிட்ஜ் கிட்டத்தட்ட 3 மி.மீ. பின்னால் இருப்பது தெரிந்தது. அளவுத்தாளை அச்சிடுபவர்கள் தயவுசெய்து முதலில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இன்னொன்று, இரண்டு புள்ளிகளிலும் சரிபார்க்க வேண்டும். ஊசி முனை புள்ளியில் விழுந்ததும், ஊசியைத் தாங்கும் மெல்லிய குச்சியான கான்டிலீவர் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று எதிரே குனிந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜை நகர்த்தினால் எடையும் மாறும், ஆகவே மறுபடி எடை பார்த்தே ஆக வேண்டும்.

ஆன்ட்டி ஸ்கேட்டுக்குப் பள்ளமே இல்லாத வெற்றுத் தட்டில் ஊசியை வைத்து, அது நகராமல் நிற்கும்வரை திருப்புவார்கள். வெற்றுப் பரப்பின் உராய்வு வேறு, பள்ளத்தின் உராய்வு வேறு. ஊசியின் எடை எவ்வளவோ அதே எண்ணில் வைத்துக் கேளுங்கள். சத்தமான இடங்களில் வலது பக்கம் மட்டும் கரகரத்தால் கொஞ்சம் கூட்டலாம்.

மட்டம் பார்க்கும்போது ரசமட்டத்தைத் தட்டு சுழலும் ப்ளேட்டரின் மேல் வையுங்கள். பெட்டியின் மேல் வைத்தால் போதாது. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய், மறுபடி ஸ்பீக்கருக்கே வந்து, கீழ்சுருதி எல்லாம் குழம்பிவிடும். பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் பெரும்பாலும் எர்த் ஒயர் மாட்டாததுதான் காரணம்.

இணைப்பிலும் ஒரு குழப்பம் வரும். தட்டில் பதிக்கும்போதே கீழ்சுருதியைக் குறைத்து, மேல்சுருதியைக் கூட்டித்தான் பதிக்கிறார்கள். சுருதியின் இரண்டு முனைகளிலும் இது சுமார் 20 டெசிபல். அதைத் திருப்பிச் சரிசெய்வது, கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப்பின் வேலை. டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்து, அதை ஆம்ப்ளிஃபையரின் போனோ துளையிலும் செருகினால், அந்த வேலை இரண்டு முறை நடக்கும். கீழ்சுருதி ஊதிப்போய்ப் பாட்டு சிதையும். ப்ரீஆம்ப் எங்குமே இல்லாவிட்டால் பாட்டு தூரத்தில் மெலிந்து கேட்கும்.

ஊசியை பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடையுங்கள். பழைய 78 வேகத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை, அவற்றில் ஆல்கஹால் படக்கூடாது, கரைந்துவிடும். 33⅓ வேகத் தட்டுக்கான எல்பி ஊசியும் அந்த அகலப் பள்ளத்துக்கு ஒத்துவராது.

கார்ட்ரிட்ஜைச் சரிசெய்த அன்றிரவே, தேய்ந்துபோனவை என்று ஒதுக்கி வைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். பெரும்பாலானவற்றில் குரல் சுத்தமாக வந்தது. தொடக்கத்தில் 1.2 கிராமில் வைத்து நான் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு தட்டு மட்டும், அதே வரியில், இன்றும் கரகரக்கிறது.