மீன் தொட்டிக்குப் பின்னணி ஒட்டுவது எப்படி?

மீன் தொட்டி வாங்குகிறவர்கள் ஃபில்டர், விளக்கு, கூழாங்கல், செடி என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டதும், மீன்களுக்குப் பின்னால் சுவரின் சுண்ணாம்புக் கறையும் ஏர் பம்பின் குழாயும் ஹீட்டரின் கறுப்பு வயரும் தெரிகின்றன. அப்போதுதான் பின்னணியின் நினைவு வருகிறது. கடைக்குப் போய் ஒரு போஸ்டரை வாங்கி, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். நானும் என் முதல் தொட்டிக்கு அப்படித்தான் செய்தேன். இரண்டே வாரத்தில் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, உப்புப் படிந்து, படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தன.

அதற்குப் பிறகு பல தொட்டிகளுக்கு ஒட்டிவிட்டேன். ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எந்தப் படம் என்பதைவிட, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

மீனுக்கும் இது தேவை

பின்னணி என்பது நம் கண்ணுக்கான அலங்காரம் மட்டுமல்ல. ஓடையிலோ குளத்திலோ சிறு மீனுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும்: கரை, வேர், பாறை, பாசி. நான்கு பக்கமும் வெறும் கண்ணாடியாக இருக்கும் தொட்டியில் ஒதுங்குவதற்கு அப்படி ஒரு பக்கமே இல்லை. கூடத்தில் யாராவது நடந்தால் மீன்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் மூலையில் குவிந்துவிடுகின்றன. பின்பக்கத்தை மறைத்தால் மீன்கள் நாளடைவில் முன்பக்கம் வரத் துணிகின்றன. என் நியான் டெட்ராக்களிடம் இதை நேரடியாகப் பார்த்தேன்.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. மீனின் தோலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. சுற்றுப்புறம் இருட்டாக இருந்தால் அவற்றிலுள்ள கறுப்பு நிறமி பரவி உடல் அடர்த்தியாகத் தெரியும். சுற்றுப்புறம் வெளிறியிருந்தால் நிறமி சுருங்கி மீனும் வெளிறும். கடையில் பளிச்சென்று இருந்த மீன் வீட்டுக்கு வந்ததும் மங்கிவிட்டது என்று வருந்துகிறவர்கள், நோய் ஏதும் இல்லையென்று உறுதி செய்துகொண்டபின், தொட்டிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை படமே இல்லாத வெறும் கறுப்பு. நியான் டெட்ரா, கப்பி, சிவப்பு வாள்வால் மீன், ஏஞ்சல் எல்லாம் கறுப்பின் முன் எடுப்பாகத் தெரியும். பச்சைச் செடிகளும் அப்படியே. தொட்டியும் ஆழமாகத் தோன்றும், வயரும் குழாயும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கறுப்பு மோலியோ பிளாக் மூர் தங்கமீனோ வளர்க்கிறீர்கள் என்றால் மட்டும் கறுப்பு வேண்டாம், மீனே தெரியாது. அவற்றுக்கு வெளிர் நீலமோ, பால் கண்ணாடி போன்ற மங்கலான வெள்ளைத் தாளோ பொருந்தும்.

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் பளபளக்கும் வெள்ளித் தாளைத் தவிர்த்துவிடுங்கள். அதில் தன் உருவத்தையே பார்த்து, எதிரி வந்துவிட்டதென்று செவுளை விரித்துக்கொண்டு அது நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கும். அந்த ஓயாத பதற்றம் மீனை வாட்டிவிடும்.

படம் அச்சிட்ட போஸ்டர்தான் வேண்டும் என்றால் ஒன்றை யோசியுங்கள். கடைகளில் அதிகம் தொங்குவது கடலடிப் பவளப்பாறைப் படம். கப்பி கடல் மீன் அன்று. நன்னீர்ச் செடிகளும் கூழாங்கற்களும் முன்னால் இருக்க, பின்னால் பவளப்பாறை தெரிந்தால் இரண்டும் ஒட்டாமல் நிற்கின்றன. அச்சிட்ட செடியின் முன் உண்மையான செடியை வைத்தால் உண்மையானதும் பொய்யாகத் தெரிகிறது. ‘மிஸ் கேரளா’ என்று கடைகளில் சொல்லும் அழகிய மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைச் சேர்ந்தது. அது பாறைக்கும் வேருக்கும் நடுவே நீந்தும் மீன். அதற்குப் பின்னால் அடர் பழுப்போ கறுப்போ இருந்தால், உடலில் நீளவாட்டில் ஓடும் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் எவ்வளவு அழகாக எழுந்து நிற்கின்றன என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

போஸ்டரைப் பெரும்பாலும் சுருளிலிருந்து அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். சென்னை கொளத்தூர் போல வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் இடங்களில் பல உயரங்களில் கிடைக்கும். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறும் நீலம் அல்லது கறுப்பு என இருபுறமும் அச்சிட்டதை வாங்குங்கள். படம் சலித்துவிட்டால் திருப்பி ஒட்டலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாள் வேண்டாம். பெரும்பாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே மை கரைந்து ஓடும்.

தொட்டிக்குள்ளேயே பொருத்தும் பாறை போன்ற முப்பரிமாணப் பின்னணிகளும் உண்டு. அழகுதான், ஆனால் முதல் தொட்டிக்கு வேண்டாம். பஞ்சுபோன்ற தெர்மோகோலில் செய்தவை மிதந்து எழும்பும். தொட்டி காலியாக இருக்கும்போதே, கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கான் பசையால் ஒட்டி, அது நன்றாக இறுகும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்னால் இடைவெளி விட்டுவிட்டால் சிறு மீன் அதில் போய் மாட்டிக்கொள்ளும்.

காற்று ஏன் பகை?

இதைப் புரிந்துகொண்டால் செய்முறை தானாகவே விளங்கிவிடும். மேலிருக்கும் விளக்கின் ஒளி பின்கண்ணாடியில் சாய்வாக வந்து படுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்று இருந்தால், அந்த ஒளியில் பெரும்பங்கு தாளை எட்டாமலே தொட்டிக்குள் திரும்பிவிடும். அதனால்தான் வெறும் டேப்பால் ஒட்டிய போஸ்டர் மங்கலாகவும், பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளி பூசியது போலவும் தெரிகிறது.

ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 1.5. காற்றுக்கு அது 1 தான். இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால் ஒளி திரும்புகிறது. காற்று இருக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெயை வைத்தால் 1.45, கிளிசரினை வைத்தால் 1.47. கண்ணாடிக்கு மிக நெருங்கிய எண்கள் இவை. ஒளி தங்குதடையின்றித் தாளுக்குப் போய்ச் சேர்கிறது, தாளின் நிறம் கண்ணாடியில் பூசிய வண்ணம்போல் தெரிகிறது. வெறும் தண்ணீரும் 1.33 தான் என்றாலும் ஓரளவு வேலை செய்யும், ஆனால் காய்ந்துவிடும்.

ஆக, கடையில் தனிப் பசை கேட்க வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். ஒரு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்து வெளுத்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் தொட்டி வைத்திருப்பவர்களும் மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குவோம்

தேவையானவை: போஸ்டர், எண்ணெய் அல்லது கிளிசரின், மெல்லிய பருத்தித் துணி இரண்டு, பயன்படாத ஏடிஎம் அட்டை ஒன்று, வினிகர், அளவுகோல், கூரான கட்டர், அகல டேப்.

1. அளவெடுங்கள். பின்கண்ணாடியின் நீளத்தையும் உயரத்தையும் வெளிப்பக்கம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையில் இரண்டு அங்குலம் கூடுதலாக வாங்குங்கள்.

2. தொட்டியைத் தயார் செய்யுங்கள். புதிய, காலியான தொட்டி என்றால் வேலை மிக எளிது. தரையில் தடித்த போர்வையை விரித்து, முன்கண்ணாடி கீழே இருக்கும்படி இரண்டு பேராகச் சேர்ந்து தொட்டியைப் படுக்க வையுங்கள். பின்கண்ணாடி மேசைபோல மேலே கிடைமட்டமாக வந்துவிடும்.

ஏற்கெனவே மீன் ஓடும் தொட்டி என்றால் பொறுமை வேண்டும். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரமுள்ள தொட்டியில் சுமார் 70 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரே 70 கிலோ, அதற்கு மேல் கல்லும் கண்ணாடியும். நிறைந்த தொட்டியை ஒருபோதும் இழுக்காதீர்கள், கண்ணாடிகளின் மூட்டு விட்டுவிடும். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு கையும் தாராளமாகப் புழங்கும் அளவு இடம் இருந்தால் நின்ற நிலையிலேயே ஒட்டலாம். இல்லையென்றால், மீன்களை அதே தொட்டித் தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, மீதித் தண்ணீரையும் கல்லையும் எடுத்துவிட்டு நகர்த்துங்கள். எதற்கும் முன்னால் ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஹீட்டரைக் கழற்றியபின் சற்று ஆறவிட்டுத்தான் தண்ணீரை இறக்க வேண்டும்.

3. கண்ணாடியைத் துடையுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் புழங்கும் வீடுகளில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வெள்ளை உப்புக் கோடுகள் இருக்கும். கறுப்புப் பின்னணி ஒட்டியபின் அவை இன்னும் பளிச்சென்று தெரியும். துணியில் வினிகரை நனைத்துப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் இளகிவிடும். எலுமிச்சைச் சாறும் பலன் தரும். இரண்டும் தொட்டிக்குள் சொட்டக் கூடாது. பிறகு ஈரத்துணியால் துடைத்து, செய்தித்தாளால் தேய்த்து உலர விடுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு காற்றுக் குமிழ் நிற்கும்.

4. வெட்டுங்கள். போஸ்டரை மேசைமேல் விரித்து, அளவுகோல் வைத்து வெட்டுங்கள். நான்கு பக்கமும் அரை சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். தொட்டியின் மேலேயே வைத்து ஓரத்தைக் கட்டரால் சீவ வேண்டாம். கைதவறி மூட்டிலுள்ள சிலிக்கானில் கீறல் விழுந்தால் தொட்டி கசியும்.

5. எண்ணெய் தடவுங்கள். இரண்டடித் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டியே போதும். விரலால் கண்ணாடி முழுக்க மெல்லிய படலமாகப் பரப்புங்கள். வழியும் அளவுக்கு வேண்டாம். ஓரத்து சிலிக்கான் மூட்டில் எண்ணெய் படாமல் சற்று உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. ஒட்டுங்கள். தெரிய வேண்டிய பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மேல் ஓரத்தை நேராக வைத்து இரண்டு துண்டு டேப்பால் பிடித்துவிட்டு, தாளை மெதுவாகக் கீழே இறக்குங்கள். துணி சுற்றிய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து இரு பக்கமாகவும், பின் மேலிருந்து கீழாகவும் தள்ளுங்கள். காற்றும் மிகுதி எண்ணெயும் ஓரத்துக்கு வரும். சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்க்காமல், அந்தப் பக்கத்தைத் தூக்கி மறுபடி இறக்குங்கள். எண்ணெய் இருப்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம். பசை போட்டு ஒட்டுவதைவிட இது தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

7. ஓரங்களை மூடுங்கள். வெளியே கசிந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தபின் நான்கு ஓரங்களிலும் அகல டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். மேல் ஓரத்துக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். ஏர் பம்பின் குமிழ்கள் வெடித்துத் தெறிக்கும் தண்ணீர் அங்கேதான் உள்ளே இறங்கும். எண்ணெய்க்கு எறும்பு வராமல் இருக்கவும் இந்த டேப்பே காவல்.

8. இருட்டில் பாருங்கள். அன்றிரவு அறை விளக்கை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் போட்டு, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளியாக மின்னும் இடமெல்லாம் காற்று. அந்த இடத்திலிருந்து அருகிலுள்ள ஓரம்வரை அட்டையால் தள்ளி, டேப்பைச் சற்று விலக்கி வெளியேற்றுங்கள்.

மீன் இருக்கும் தொட்டி என்றால் முதல் ஒன்றிரண்டு நாள் அவை ஒதுங்கியே நிற்கலாம். விளக்கைக் குறைந்த நேரம் போடுங்கள், பழகிவிடும்.

வினைலும் பெயின்ட்டும்

வண்டிகளுக்கு எண் பலகை ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் கறுப்பு வினைல் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதில் பசை இருப்பதால் எண்ணெய் வேண்டாம். கண்ணாடியில் தண்ணீரோடு இரண்டு மூன்று சொட்டு ஷாம்பு கலந்து தெளித்து, ஈரத்தின் மேல் வினைலை வைத்து, அதே அட்டையால் தண்ணீரைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். தெளிக்கும்போது தொட்டியின் வாயைத் துணியால் மூடுங்கள், ஷாம்பு மீனுக்கு ஆகாது. எஞ்சும் சிறு குமிழை ஊசியால் குத்தி அழுத்தலாம். போஸ்டரைவிட இது நீடித்து உழைக்கும்.

கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டை வெளிப்பக்கம் ரோலரால் மூன்று மெல்லிய பூச்சாகப் பூசினால் காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின்தான் அடுத்தது. உள்பக்கம் பெயின்ட் அறவே கூடாது. நிறத்தை மாற்ற மாட்டேன் என்ற உறுதி இருப்பவர்களுக்கே இந்த வழி.

பிறகு மாற்ற வேண்டுமென்றால்

எண்ணெயில் ஒட்டிய போஸ்டர் மேலிருந்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். கண்ணாடியை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் பிசுக்குப் போய்விடும். வினைலை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் சற்று நேரம் ஒற்றியெடுத்தால் பசை இளகும். மிச்சமிருக்கும் பசைமேல் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். பெயின்ட்டை ஈரப்படுத்திப் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். கண்ணாடித் தொட்டிக்கு மட்டுமே பிளேடு, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த தொட்டியில் வைத்தால் கீறல் விழும், அது போகாது.