பிள்ளைகளிடம் மனச்சோர்வைக் கேட்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரிளம் பிள்ளைகளுக்கு மனச்சோர்வின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க அதிகம் பயன்படுவது பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள். பதின்வயதினருக்கென்றே சற்று மாற்றிய வடிவமும் உண்டு. தூக்கம், பசி, அசதி, கவனம், எதிலும் பிடிப்பின்மை என ஒவ்வொன்றும் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். ஒரு கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். இவ்வளவு எளிது என்பதாலேயே எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதை யோசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு அதுதான். ஒரு பெஞ்சில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தாளைக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான் என்று எல்லாக் கட்டத்திலும் 'இல்லவே இல்லை' என்று டிக் விழும். அம்மா பக்கத்தில் இருந்தாலும் அதே கதைதான். சேலம் அம்மாபேட்டையில் தறி ஓடும் சின்ன வீட்டில் தனியாகப் பேச மூலை கிடைக்காது. அந்தப் பிள்ளையிடம் பள்ளியிலேயே, ஒரு தனி அறையில் கேளுங்கள். ஏற்காட்டு விடுதிப் பிள்ளைகள் என்றால், நிரப்பிய தாளை யார் படிப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வார்டன் கைக்குப் போகும் தாளில் உண்மை இருக்காது.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "நீ சொல்றது நமக்குள்ளதான் கண்ணு. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா இன்னொருத்தர்கிட்ட உதவி கேட்பேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கேட்பேன்" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. 'கேட்டால் நாமே கிளப்பிவிட்டதாகிவிடும்' என்று சிலர் இதை அடித்துவிட்டுத் தாளைக் கொடுக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கெனவே மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். மொத்த மதிப்பெண் ஆறாகவே இருந்தாலும், இந்தக் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும்.

அழுகையை மட்டும் தேடுவது இன்னொரு தவறு. இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வரும். வீட்டில் எரிந்து விழும் பையனைத் திமிர் என்கிறோம், அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு போடும் பெண்ணைச் சாக்குச் சொல்கிறாள் என்கிறோம். முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையை யாரும் கேட்பதே இல்லை.

மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள், நோய் உறுதி என்றல்ல. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட அசதியையும் கவனக்குறைவையும் கொண்டுவரும். குறைந்த மதிப்பெண் வந்தும் ஆசிரியருக்கு மனசு உறுத்தினால், அந்த உறுத்தலை நம்புங்கள்.

சரி, அறிகுறி தெரிந்துவிட்டது. "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது, கேட்காமலே இருந்ததற்குச் சமம். வாழவந்தியிலிருந்தோ நாகலூரிலிருந்தோ வருகிறவர்கள் ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒருநாள் கூலி போய்விடும். அதனால் எந்த நாள், யார் கூட வருவது, எந்தப் பிரிவில் பார்ப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை பேச ஆள் வேண்டும் என்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் தாள் கொடுக்காதீர்கள், அடுத்த இரண்டு நாள் பள்ளியில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும்போது இந்தத் தாளின் மதிப்பெண்ணில் ஆரம்பிக்க வேண்டாம். "ராத்திரி தூங்கறதில்லைன்னு சொல்றான், சாப்பாடும் குறைஞ்சிருக்கு, நீங்க கவனிச்சீங்களாங்க?" என்று கேளுங்கள்.