காய்ச்சல் இல்லை என்று எழுதிய நாள்: முதியவர்களும் மார்கழிக் குளிரும்

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சியைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டிருக்கிறேன், எப்படிச் செய்கிறாள் என்று பார்க்க. காலை ஆறரை மணி. முற்றத்தில் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. எண்பது தாண்டிய ஆச்சி வளவில் ஆத்தங்குடிக் கல் தரை மேல் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். "குளிருதா ஆச்சி?" "இல்லத்தா." அவ்வளவுதான், பெண் அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான்.

சால்வை போர்த்துவது, தலை துவட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தெர்மாமீட்டர் காய்ச்சலுக்கு மட்டும் என்று நினைப்பது

அப்போது நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தேன். மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்பு முடிந்த வாரம். விடியற்காலையில் ஆச்சிக்கு எண்ணெய்க் குளியல். ஈரத்தலையோடு முகப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பாடு வேண்டாம் என்றார், கேட்டதற்குப் பதில் மெதுவாக வந்தது. நோன்பு அசதி என்று நினைத்தேன். பாதரசத் தெர்மாமீட்டர் வைத்தேன், 95. நோட்டில் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து மகன் பேசினார். "நல்லா இருக்காக" என்றேன்.

சாயங்காலம் நாக்குக் குழறியது, டம்ளர் கையில் நிற்கவில்லை. பக்கவாதம் என்று பயந்து காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "95-ன்னு எழுதிட்டு எப்படிம்மா சும்மா இருந்தீங்க?"

95 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 35 டிகிரி செல்சியஸ். உடம்பின் உள்சூடு அதற்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. பாதரசம் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். நான் உதறியது 95-இல் நின்றிருந்தால், ஆச்சியின் சூடு அதற்குக் கீழே இருந்தாலும் 95-தான் காட்டும். அந்தக் குழாயில் 94-க்குக் கீழே கோடே கிடையாது.

ஆச்சி பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்கவில்லை.

இள உடம்பு குளிர் பட்டதும் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். போதவில்லை என்றால் நடுங்கிச் சூடு உண்டாக்கும். வயதானால் இரண்டும் தாமதம், இரண்டும் பலவீனம். சூடு உண்டாக்கத் தசையும் குறைந்துவிடுகிறது. அதைவிட மோசம், குளிர்கிறது என்ற உணர்ச்சியே மங்கிப்போகிறது. 'இல்லத்தா' என்ற கானாடுகாத்தான் ஆச்சி பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள், தூக்க மாத்திரை போடுபவர்கள் இன்னும் கவனம்.

அதனால் குளிருதா என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். துணிக்குள் கை விட்டு வயிற்றைத் தொடுங்கள். கை கால் சில்லென்று இருப்பது சகஜம், வயிறு சில்லென்று இருந்தால் ஆபத்து. நன்றாக இருக்கிற நாட்களில் சூடு பார்த்து, அவருடைய வழக்கமான எண்ணை எழுதிவையுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் எண்ணுக்குப் பதில் 'லோ' என்று வந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், அது காட்டக்கூடிய அளவுக்கும் கீழே சூடு இருக்கலாம். எண் குறைந்து, பேச்சும் மந்தமானால் உடனே ஆஸ்பத்திரி. முதியவர்களுக்குக் கிருமித் தொற்றுகூடச் சில சமயம் காய்ச்சலாக வராமல் சூடு குறைவாகத்தான் தெரியும்.

கை காலைப் பரபரவென்று தேய்ப்பது

தேய்க்காதீர்கள், முதலில் சூடாக வேண்டியது நெஞ்சும் வயிறும். ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். வெந்நீர்ப் பையை வெறும் தோலில் வைக்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது

குளிரில் தோலிலிருந்து ரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீர் அதிகம் போகும். பின்கட்டுவரை நடக்கப் பயந்து தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். பகலில் நிறையக் குடிக்கக் கொடுங்கள், ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி போடுங்கள்.

ஏசி

பேரன் லீவுக்கு வந்தால் சித்திரையிலும் மார்கழிதான்.

பிராந்தி

ரெண்டு மூடி கொடுத்தால் சூடாகிவிடும் என்று யார் சொன்னாலும் வேண்டாம். தோலுக்கு ரத்தம் ஏறி முகம் சிவக்கும். உள்ளே மிச்சமிருக்கிற சூடும் அந்த வழியாகவே வெளியே போய்விடும்.