ஏரியில் கழிவுநீரா? பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது எப்படி?

"சாயக்கழிவு ஏரியில் கலக்கிறது, கலெக்டரிடம் மனு கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து என்ன செய்வது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்தச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது? அது முதன்முதலில் எந்தத் தேதியில் நடந்தது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினால், எவ்வளவு நியாயமான புகாராக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

இந்தத் தீர்ப்பாயம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. முதன்மை அமர்வு டெல்லியில். போபால், புனே, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அமர்வுகள். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எல்லாமே சென்னை அமர்வுக்குள் வருகின்றன. நீதித்துறை உறுப்பினரும் சுற்றுச்சூழல் நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். ஆய்வகம் தந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் மேடையிலேயே இருப்பது சாதாரண நீதிமன்றத்தில் கிடைக்காத வசதி.

படி 1: உங்கள் பிரச்சினை எந்தச் சட்டத்துக்குள் வருகிறது?

தீர்ப்பாயம் எல்லாச் சுற்றுச்சூழல் வழக்குகளையும் எடுக்காது. அதன் சட்டத்தோடு ஓர் அட்டவணை இருக்கிறது. தண்ணீர் மாசுச் சட்டம் (1974), வனப் பாதுகாப்புச் சட்டம் (1980), காற்று மாசுச் சட்டம் (1981), சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் (1986), பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் (1991), பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் (2002) ஆகியவை அதில் முக்கியமானவை. இவற்றில் ஒன்றின் கீழ் வரும் சிவில் பிரச்சினையாக இருக்க வேண்டும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய குடை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, சதுப்புநில விதிகள், திடக்கழிவு விதிகள், ஒலி மாசு விதிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். அதனால் குப்பைக்கிடங்கு எரிவதும் கடற்கரையில் கட்டடம் எழுவதும் இங்கே வரலாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) அந்த அட்டவணையில் இல்லை. யானை வழித்தடத்தை மறித்து விடுதி கட்டியிருக்கிறார்கள் என்ற புகாரை அந்தச் சட்டத்தை மட்டும் காட்டி இங்கே கொண்டுவர முடியாது. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லும் குற்ற வழக்குக்கும் இது இடமில்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இடையிலான சாக்கடைத் தகராறாக இருந்தால் போதாது. ஊர் மக்களைப் பொதுவாகப் பாதிக்கும் சட்டமீறல், பெரிய அளவு சேதம், பொதுச் சுகாதாரக் கேடு, அல்லது இன்ன இடத்திலிருந்துதான் மாசு வருகிறது என்று சுட்டிக்காட்டக்கூடிய நிலை, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மனுவின் முதல் பக்கத்திலேயே அது தெரியட்டும்.

படி 2: தேதியைக் கணக்கிடுங்கள்

பலர் தோற்பது இங்கேதான். மாசை நிறுத்தச் சொல்லும் சாதாரண மனுவுக்குக் காலவரம்பு 6 மாதம். அதுவும் பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. சரியான காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் மனுவுக்கு 5 ஆண்டுகள், கூடுதலாக 60 நாள். ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்ததை எதிர்க்கும் மேல்முறையீடு என்றால் வெறும் 30 நாள். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் மேலும் 60 நாள் வரை. மொத்தம் 90 நாள் தாண்டினால் கதவு சாத்தியாயிற்று.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இரண்டு வருடம் அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். கடைசியில் அந்தச் சீட்டுகளே, பிரச்சினை எப்போது தொடங்கியது என்பதை அவர்களுக்கு எதிராகக் காட்டின. மனு கொடுப்பது தவறில்லை. பதிலுக்காகக் காத்திருக்கும்போது நாள் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

படி 3: சான்றுகளைச் சேருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு அக்கா தன் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் காலையில் ஒரு சில்வர் சொம்பில் மொண்டு பார்த்து எழுதிவைத்திருந்தார்: "வியாழன், காலை 6, லேசான ஊதா, நுரை உண்டு, மாடு குடிக்கவில்லை." எந்த நாளில் நிறம் மாறியது, எந்த நாளில் தெளிந்தது என்று நான்கு மாதக் கணக்கு அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தண்ணீர் தெளிந்திருந்ததை அந்த நோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் கவனித்தோம். பக்கத்துச் சாயப்பட்டறைக்கு அன்றுதான் விடுமுறை.

போட்டோ எடுக்கும்போது தேதியும் இடமும் பதிவாகும்படி எடுங்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த ஆலைக்கு இயக்க இசைவாணை (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன, கடைசியாக ஆய்வு செய்த அறிக்கை எங்கே. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் உங்கள் 6 மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் மாசுச் சட்டத்தின்படி முறையாக மாதிரி எடுப்பது வாரிய அதிகாரிகளின் வேலை. ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுக்க வேண்டும். அதனால் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மாதிரி எடுக்கக் கேளுங்கள். அவர் எடுக்காவிட்டால் அந்தப் புகார் நகலும் சான்றுதான்.

படி 4: என்ன கேட்கப்போகிறீர்கள்?

தீர்ப்பாயத்தின் கை நீளமானது. மாசை நிறுத்தச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரலாம். ஏரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். மாசு செய்தவரே அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையும், அறிவியல் உறுதி முழுதாக வரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் நாட்டின் சட்டமாக ஏற்றது. நம் மண்ணின் துயரத்திலிருந்து எழுந்த கொள்கைகள் என்பதால் அவற்றை மனுவில் எழுதும்போது எனக்குத் தனியாக ஒரு பலம் வரும்.

தானாக முன்வந்தும் தீர்ப்பாயம் வழக்கை எடுக்கலாம் என்று 2021 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் விஷவாயு கசிந்த மறுநாளே தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தை 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் சென்னை அமர்வு தானாகவே வழக்கெடுத்தது.

ஆனால் அந்தக் கை நீளாத இடமும் உண்டு. ஸ்டெர்லைட் ஆலைக்குச் சாதகமாக 2018 டிசம்பரில் தீர்ப்பாயம் தந்த உத்தரவை 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆலை மாசுபடுத்தியதா இல்லையா என்று அது பார்க்கவே இல்லை. ஆலையை மூடியதை எதிர்த்து நிர்வாகம் போட்ட மேல்முறையீட்டை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. அரசாணையோ விதியோ செல்லாது என்று அறிவிக்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதை இங்கே கேட்டு நாளை வீணாக்காதீர்கள்.

கோரிக்கையில் "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். கூட்டுக் குழு அமைத்து நேரில் ஆய்வு செய்யவும், மாதிரி எடுக்கவும், அறிக்கை வரும்வரை இடைக்காலத் தடை விதிக்கவும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 5: மனுவைத் தாக்கல் செய்யுங்கள்

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். இணையத்தில் தாக்கல் செய்யும் வசதியும் உண்டு. மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணையுங்கள். ஆலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட ஆட்சியர், ஏரிக்குப் பொறுப்பான துறை ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவு நகலை வாங்கி, எந்தத் தேதிக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தாளில் எழுதுங்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றத்தக்கது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 10 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறுவனமென்றால் அபராதம் 25 கோடி வரை போகும். உத்தரவு உங்களுக்கு எதிராகப் போனால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கெடு முடிந்த மறுநாள் ஏரிக்கரைக்குப் போய், அதே மதகில், அதே கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கிணற்று நோட்டையும் நிறுத்தாதீர்கள். உத்தரவை நிறைவேற்றக் கேட்டு அடுத்த மனு போடும்போது முதல் இணைப்பு அதுதான்.