ஊரில் எத்தனை பேருக்கு வைரஸ் வந்துபோனது? ரத்தத்தை வைத்துக் கணக்கெடுக்கும் வழி

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை மட்டும் எண்ணினால் ஊர்க்கணக்கு வராது. வந்ததே தெரியாமல் நடவுக்குப் போய்வந்தவர்கள் ரத்தத்திலும் அந்த வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி இருக்கும், அதைத் தேடுவதுதான் சீரோ சர்வே. கொரோனாவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020 மே, ஜூனில் எடுத்த முதல் சர்வேயில் பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்கு இருந்தது. 2021 ஜூன், ஜூலையில் எடுத்த நான்காவதில் 67.6 சதவீதம், தடுப்பூசி போட்டவர்களும் அதில் சேர்த்திதான்.

படி 1: எதைத் தேடுகிறோம்? ஆன்டிபாடி வகைகளில் ஐஜிஎம் அண்மைத் தொற்றைக் காட்டும், ஐஜிஜி சற்றுப் பிந்தி வந்து மாதக்கணக்கில் தங்கும். நமக்கு வேண்டியது ஐஜிஜி. அலை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும்.

படி 2: எத்தனை பேர்? பாதிப் பேருக்கு வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்றால் 384. தாலுகா முழுக்க என்று சில ஊர்களை மட்டும் பொறுக்கினால் ஏறக்குறைய இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள்.

படி 3: யாரை? சர்வே கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். தேரடியில் நின்று பேனாவைச் சுழற்றி, முனை காட்டும் தெருவில் நடக்கும் பழைய முறை ஒன்று உண்டு. நம் ஊர்களில் வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் காலனியை அந்தப் பேனா ஒருநாளும் காட்டாது, அதனால் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ வீட்டுப் பட்டியல் கேட்டு வாங்கிக் குலுக்கிப் போடுங்கள், ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும், அவரையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக அல்ல. மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும்போது காலை பத்து மணிக்குப் போனால் தாத்தாவும் பாட்டியும்தான் கிடைப்பார்கள்! சாயங்காலம் போங்கள், பூட்டிய வீட்டுக்கு இன்னொரு நடை நடங்கள், பக்கத்து வீட்டை வைத்து ஈடுகட்டாதீர்கள். மறுத்தவர்களையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 4: நெறிமுறைக் குழுவின் அனுமதி, அவரவர் சம்மதக் கையெழுத்து. அப்புறம் பயிற்சி பெற்றவர் 3 மில்லி ரத்தம் எடுப்பார். அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் வெளிர்மஞ்சள் சீரத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் எலிசா சோதனை செய்யும் லேபுக்கு அனுப்ப வேண்டும்.

படி 5: கணக்கு. 400 பேரில் 100 பேருக்கு பாசிட்டிவ் என்றால் 25 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். சோதனைக் கிட் தொற்று வந்தவர்களில் 90 சதவீதத்தையும், வராதவர்களில் 95 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம்:

(0.25 + 0.95 − 1) ÷ (0.90 + 0.95 − 1) = 0.20 ÷ 0.85

அதாவது 23.5 சதவீதம். இதே கிட்டை யாருக்குமே தொற்று வராத ஊரில் வைத்தாலும் 400 பேரில் 20 பேருக்குப் பாசிட்டிவ் காட்டும். டெங்குவில் இன்னொரு வம்பு, மூளைக்காய்ச்சல் வைரஸான ஜேஇ-யின் ஆன்டிபாடியும் சில கிட்டில் டெங்கு போலத் தெரியும், ஜேஇ தடுப்பூசி போட்டாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் "எனக்கு இருக்கா தம்பி, இனிமே வராதுல்ல?" என்று கேட்பார்கள். ரிசல்ட்டைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள், ஆனால் "வராது" என்று மட்டும் வாயைக் கொடுத்துவிடாதீர்கள்.