குத்துச்சண்டை புதுசா? இந்த மூன்றில் தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் 12 சுற்றுச் சண்டை வேண்டாம், கொட்டாவிதான் வரும். 1985-ல் அமெரிக்க வீரர்கள் ஹேக்லரும் ஹெர்ன்ஸும் மோதிய சண்டையின் வீடியோவைப் போடுங்கள். மூன்றாம் சுற்றிலேயே முடிந்துவிடும். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறினால் ராஜீவ் சவுக் வருவதற்குள் பார்த்துவிடலாம். முதல் சுற்றில் ஹெர்ன்ஸின் வலக்கை உடைந்தது. அதன்பின் அவர் கால்களைக் கவனியுங்கள், பின்வாங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்து 1974 அலி–ஃபோர்மன். கயிற்றில் சாய்ந்து அலி வெறுமனே அடி வாங்குவதுபோல் தெரியும். ஃபோர்மனின் கைகள் சுற்றுக்குச் சுற்று கனத்துப்போவதைப் பாருங்கள். எட்டாவதில் ஃபோர்மன் தரையில்.

பிறகு நம்ம தில்லியில் 2023-ல் நடந்த உலகப் போட்டி, நிகத் ஸரீன் ஆடிய இறுதி. சுற்றுக்கு மூன்று நிமிடம், மொத்தம் மூன்று சுற்றுதான். ஒலியை அணைத்துவிட்டுத் தாளில் நீங்களே மதிப்பெண் போடுங்கள்: சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. வர்ணனை காதில் விழுந்தால் கண் அது சொல்வதைத்தான் பார்க்கும்.