பழைய பரோலோவில் பலரும் கோட்டை விடும் இடங்கள்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்பா ஊரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்யும் ஒயின் பரோலோ. 11 ஊர்களின் தோட்டங்களுக்குத்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை. விற்பனைக்கு வருமுன் குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். கூடுதலாக முதிர்ந்தது என்பதைக் காட்டும் 'ரிசெர்வா' என்ற சொல்லை லேபிளில் போட 62 மாதம். இத்தனை காத்திருந்து வரும் ஒயினும் முதல் சில வருஷங்கள் வாழைப்பூவைப் பச்சையாக மென்றதுபோல நாக்கைப் பிடிக்கும். அதனால்தான் முதிர்ந்த பாட்டில்களைத் தேடி ஆட்கள் அலைகிறார்கள். ஏமாறுவதும் அங்கேதான்.

வாங்கும்போது முதலில் எல்லோரும் பார்ப்பது லேபிளில் உள்ள அறுவடை ஆண்டை. 1978, 1989, 1996, 2010 என்று பெயரெடுத்த ஆண்டுகளை வாய்ப்பாடுபோல ஒப்பிப்பார்கள். ஆண்டு முக்கியம்தான். ஆனால் அந்த பாட்டில் இத்தனை காலம் எங்கே குடியிருந்தது என்பது அதைவிட முக்கியம். ஒரு உணவகத்தின் அலமாரியில், விளக்குக்கு அடியில், இருபது கோடைகளை நின்றபடி கழித்த 1989ஐ விட, இருட்டான நிலவறையில் 12–14 டிகிரியில் படுத்துக் கிடந்த சுமாரான ஆண்டுப் பாட்டிலையே நான் எடுப்பேன். மோசமான ஆண்டு என்று மொத்தமாக ஒதுக்குவதும் சரியில்லை. 2002 செப்டம்பரில் ஆலங்கட்டி மழை பரோலோ தோட்டங்களைப் புரட்டிப் போட்டது. அந்த ஆண்டிலும் ஜாகோமோ கொன்டெர்னோ என்ற ஒயின் நிறுவனம் தன் பெயர்பெற்ற பரோலோவான மொன்ஃபொர்தினோவை வெளியிட்டது, அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

பாட்டிலின் பழைய கதையை விற்பவர் சொல்லாவிட்டாலும் பாட்டில் கொஞ்சம் சொல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒயின் எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். முப்பது வருஷப் பாட்டிலில் கார்க்குக்குக் கீழே சற்று இறங்கியிருப்பது இயல்பு, தோள்வரை இறங்கியிருந்தால் வேண்டாம். கழுத்து உறை பிசுபிசுத்தாலோ, லேபிளில் ஒழுகிய கறை இருந்தாலோ, எங்கோ வெயிலில் சூடேறி உள்ளிருந்து கசிந்திருக்கலாம்.

அடுத்தது நிறம். கண்ணாடிக் குவளையில் ஊற்றியதும் வெளிறிய செங்கல் நிறத்தைப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்பவர்கள் உண்டு. நெபியோலோ இளமையிலேயே வெளிர்சிவப்புதான், ஓரத்தில் ஆரஞ்சு ஏறுவதும் சீக்கிரமே. மூக்கைக் கேளுங்கள், கண்ணை நம்பாதீர்கள். காய்ந்த ரோஜாவும் தாரும் சேர்ந்த மணம் வருகிறதென்றால் ஒயின் நலமாக இருக்கிறது. பரோலோவின் அடையாளமே அந்த விசித்திரக் கூட்டணிதான்.

மூக்கு விஷயத்தில் அவசரம் கூடாது. பல வருஷம் அடைபட்டுக் கிடந்த பாட்டிலைத் திறந்ததும் பூட்டிய பரண் வாசனை அடிக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அது போய்விடும். கார்க் கெட்டதால் வரும் நாற்றம் வேறு: நனைந்த அட்டைப்பெட்டி போல இருக்கும், நேரம் ஆக ஆகக் குறையாது, தூக்கலாகவே தெரியும். உடம்புக்கு அது கெடுதல் இல்லை, குடிக்கத்தான் முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பாட்டிலைத் தொட்டியில் கவிழ்ப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக வருத்தமான தவறு.

திறப்பதற்கு முதல் நாளே பாட்டிலைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுத்திருந்த பாட்டிலின் பக்கவாட்டில் படிந்த மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரமாவது வேண்டும். அந்த மண்டி கசக்கும், கலங்கிவிட்டால் எவ்வளவு உயர்ந்த ஒயினும் வீண். பழைய கார்க் ஈர பிஸ்கட் மாதிரி உதிரும், திருகாணியைக் குத்தி வெடுக்கென்று இழுத்தால் பாதி உள்ளே விழும். கார்க்கின் இருபுறமும் நுழையும் இரட்டைத் தகடுத் திறப்பான் இதற்கு நல்லது.

அப்புறம் டிகாண்டர், அதாவது ஒயினை ஊற்றிக் காற்றாட வைக்கும் கண்ணாடிக் குடுவை. இளம் பரோலோவை அகலமான டிகாண்டரில் ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் வைக்கலாம். நாற்பது வருஷ ஒயினுக்கு அதே வைத்தியம் செய்தால் மிச்சமிருக்கும் மணமும் பறந்துவிடும். அதை மண்டி வராமல் மெதுவாக வடித்து, குவளையிலேயே மலர விடுவது மேல்.

'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்ற வாசகம் ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் பிறந்தது. சென்னை மே மாதத்தில் அதை அப்படியே கடைப்பிடித்தால் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். 16–18 டிகிரி போதும், ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதில் வெட்கமில்லை. ஆனால் வருஷக்கணக்கில் அதே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கே குளிரும் அதிகம், காற்றும் வறண்டது. கூடவே காரசாரமான குழம்பும் வேண்டாம். மிளகாய்க்கு முன்னால் துவர்ப்பும் ஆல்கஹாலும் எரிச்சலாகவே மாறும். பரோலோ விளையும் பியெமோன்தே வட்டாரத்துக்காரர்கள் ஒயினிலேயே நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியோ, மஞ்சள்கரு அதிகம் சேர்த்த தயாரின் நூடுல்ஸோ வைத்துக்கொள்வார்கள்.

சேகரிப்பவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு ஆண்டிலும் ஒரே ஒரு பாட்டில் வாங்கி அலமாரியை நிரப்பாதீர்கள். ஒரே ஒயினில் குறைந்தது மூன்று பாட்டில் வாங்குங்கள். ஒன்றைப் பத்தாவது வருஷம் திறந்தால் மற்ற இரண்டுக்கும் எவ்வளவு காலம் தரலாம் என்று தெரியும். ஒன்றில் கார்க் கெட்டிருந்தாலும் இன்னொன்று இருக்கும்.